கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி: பெயர் எப்படி வந்தது?

காசிமேட்டுக்காரி:
என் மகளுக்கு ஸ்டான்லியில் எம்.பி.பி.எஸ். சீட் கிடைத்திருக்கிறது. மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் எதிர்ப்படுகிறவர்களிடம் எல்லாம் "எம் பேத்தி கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரில டாக்டருக்குப் படிக்கப் போறா" என்கிறார். மகளோ "ஆயா, ஸ்டான்லின்னு சொல்லேன்" என்று கெஞ்சுகிறாள். சண்டையைத் தீர்க்கப் போய் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கும் கஞ்சிக்கும் என்ன சம்பந்தம்? நோயாளிகளுக்கு ஊற்றினார்களா? அப்புறம், பக்கத்திலேயே மோனேகர் சத்திரம் என்று ஒன்று இருக்கிறதே, மோனேகர் எந்த ஊர் துரை?

மருந்து ஸ்டோர் தாத்தா:
முதலில் பேத்திக்கு வாழ்த்து. மோனேகர் துரை இல்லை அம்மா, நம்ம மணியக்காரர்! ஊர் மணியக்காரர் வெள்ளைக்காரன் வாயில் விழுந்து மோனேகர் ஆகிவிட்டார். அந்த ஆஸ்பத்திரியில்தான் வேலை பார்த்து ரிட்டையர் ஆனேன். சேர்ந்த புதிதில் நானும் தொப்பி போட்ட ஒருவரைத்தான் மனதில் வைத்திருந்தேன்.

கதை 1780-இல் தொடங்குகிறது. ஹைதர் அலியின் படை ஆற்காட்டுச் சீமைக்குள் இறங்கியது. விளைச்சல் போனது, பஞ்சம் வந்தது. சோற்றுக்கு வழியில்லாத சனம் பட்டணத்தை நோக்கி ஓடி வந்தது. பட்டணத்து மதிலுக்கு வடக்கே வெளியில், 1782 வாக்கில், அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஏற்பாடு ஆனது. மணியக்காரர் பொறுப்பில் நடந்ததால் மணியக்காரர் சத்திரம். சனத்துக்கு அது கஞ்சித்தொட்டி.

பசியோடு வந்தவர்கள் நோயோடும் வருவார்கள் அல்லவா? 1799-இல் ஜான் அண்டர்வுட் என்ற டாக்டர் அங்கேயே உள்ளூர்க்காரர்களுக்கு ஓர் ஆஸ்பத்திரி தொடங்கினார். ஆக, கஞ்சி முதலில், மருந்து பதினேழு வருஷம் கழித்து. உங்கள் மாமியார் சொல்வதுதான் மூத்த பெயர்.

படிப்பு இன்னும் பிந்தி. 1877-இல் ராயபுரம் மெடிக்கல் ஸ்கூல். 1938-இல் கல்லூரி ஆனது. ஸ்டான்லி என்பவர் 1929 முதல் 1934 வரை மெட்ராஸ் கவர்னர். பழைய ஸ்டான்லி டாக்டர்களின் சர்டிபிகேட்டைப் பார்த்தால் மெட்ராஸ் யுனிவர்சிட்டி பட்டம் என்றிருக்கும். எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் 1988-இல்தான் நடைமுறைக்கு வந்தது.

மின்ட் பையன்:
தாத்தா சொன்ன மதிலைப் பார்க்க வேண்டுமானால் ஓல்ட் ஜெயில் ரோட்டில் மாடிப் பூங்காவுக்குப் போங்கள். மிஞ்சியிருப்பது அந்தத் துண்டுதான். மதில் கட்டிய செலவுக்கு வரி போட நினைத்ததால் வந்த பெயர்தான் வால்டாக்ஸ் ரோடு. வால் என்றால் நாய் வால் இல்லை என்று எனக்கே காலேஜ் போனபிறகுதான் தெரியும்.

உங்கள் மகளிடம் இதையும் சொல்லுங்கள். என் அக்கா படித்தது பாரதி மகளிர் கல்லூரி. அது பழைய ஜெயில் இருந்த இடம். அதனால்தான் ரோட்டுக்கே அந்தப் பெயர். தினம் காலையில் "என்ன, ஜெயிலுக்குக் கிளம்பிட்டியா" என்றுதான் அப்பா கேட்பார். மூன்று வருஷம்! கஞ்சித்தொட்டி எவ்வளவோ பரவாயில்லை.

கல்மண்டபம் வாசி:
தாத்தா, அந்தக் காலத்துக் கட்டடம் எது? முன்பக்கம் தெரிகிறதே, அதுவா?

மருந்து ஸ்டோர் தாத்தா:
அது இல்லை தம்பி. ஆஸ்பத்திரி என்றால் இடிப்பதும் கட்டுவதும் ஓயாது. ஆனால் சத்திரம் அப்படியே ஓல்ட் ஜெயில் ரோட்டில் நடக்கிறது. ஆதரவில்லாத பெரியவர்கள் தங்குகிறார்கள். நான் இருந்த காலத்தில் மத்தியான நேரத்தில் அந்தப் பக்கம் போனால் சாம்பார் வாசனை வரும். அதைத் தாண்டித்தான் என் டீக்கடை.

காசிமேட்டுக்காரி:
எல்லோருக்கும் நன்றி. மாமியாருக்கு முழுசாகப் படித்துக் காட்டினேன். பஞ்சம், மணியக்காரர், கவர்னர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கஞ்சிக்குத் தொட்டுக்க என்ன குடுத்தாங்களாம்?" என்கிறார். தாத்தா, உங்களுக்குத் தெரியுமா?