தண்ணீர் மீட்டர் பேட்டரி சீக்கிரம் தீர்கிறது, அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். சென்னையில் எங்கள் அடுக்ககத்தில் வீட்டுக்கு ஒரு தண்ணீர் மீட்டர் வைத்து, ரீடிங்கை லோராவான் (குறைந்த மின்சாரத்தில் தூரம் அனுப்பும் ரேடியோ முறை) வழியாக மொட்டை மாடி கேட்வேக்கு (மீட்டர்களின் சிக்னலை வாங்கும் கருவி) அனுப்புகிறோம். அலைவரிசை 865–867 மெகாஹெர்ட்ஸ், உரிமம் தேவையில்லை. லாரித் தண்ணீர்க் கணக்கில் நடந்த சண்டையெல்லாம் ஓய்ந்துவிட்டது, அதுவரை நிம்மதி.

பேட்டரிதான் பிரச்சினை. 3.6 வோல்ட் லித்தியம் தயோனைல் குளோரைடு செல், பத்து வருடம் தாங்கும் என்றுதான் விற்றார்கள். இரண்டாவது வருடத்திலேயே கீழ்த்தள மீட்டர்கள் ஒவ்வொன்றாகப் பேச்சை நிறுத்துகின்றன. மேல்தளங்களில் ஒன்றும் ஆகவில்லை. கீழே மீட்டர்கள் இருக்கும் பைப் டக்டுக்கு இரும்புக் கதவு, அது சிக்னலை மறைக்கும். லாகைப் பார்த்தால் அங்குள்ளவை எல்லாம் எஸ்எஃப் 12இல்தான் அனுப்புகின்றன (எஸ்எஃப் என்பது ஸ்ப்ரெடிங் ஃபேக்டர்; எண் கூடினால் பலவீனமான சிக்னலும் போய்ச் சேரும், ஆனால் மெதுவாக). எஸ்எஃப் ஒரு படி ஏறினால் அனுப்பும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பு, அப்போது 7க்கும் 12க்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். செயலிழந்த ஒன்றில் மல்டிமீட்டர் வைத்தேன்: சும்மா இருக்கையில் 3.6 காட்டுகிறது, ரேடியோ அனுப்பும் நொடியில் சரிந்துவிடுகிறது.

தரைத்தளத்தில் இன்னொரு கேட்வே வைத்தால் போதுமா? அல்லது 15 நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்புவதை நாளுக்கு இரண்டு முறையாகக் குறைக்க வேண்டுமா? குறைத்தால் தண்ணீர்க் கசிவு தெரிய தாமதமாகும் என்று சங்கத்தில் முணுமுணுப்பு. அப்புறம், அனுப்பும் நொடியில் வோல்டேஜ் சரியாமல் இருக்க, செல்லுக்கு இணையாக கெப்பாசிட்டர் சேர்த்து ஓட்டுபவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எந்த வகை, அதன் கசிவு மின்னோட்டம் (சும்மா இருக்கையிலும் அது இழக்கும் மின்சாரம்) எவ்வளவு என்று சொன்னால் உதவியாக இருக்கும். புது செல்களுக்கு ஆர்டர் போடுவதை அதுவரை நிறுத்தி வைத்திருக்கிறோம்.