கட்டியக்காரன் கொண்டுவந்த குடம்: அடுத்த கூத்துக்கு ஒரு யோசனை

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

லீவு முடிந்து மஸ்கட் வந்து நாலு நாள் ஆகிறது. திருவிழாக் கணக்கைப் பெரியப்பா தனியாக அனுப்புவார். நான் சொல்ல வந்தது எட்டாம் நாள் கூத்தைப் பற்றி.

முகவீணைக் குழல் ஓய்ந்ததும், கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் முதுகு வளைந்து, ஒரு கையில் குடத்தோடு வந்தார். கூட்டம் சிரித்தது. "வயசு என்னய்யா?" என்று ராஜா கேட்டார். "நாப்பதுங்க" என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது. அது யாருடைய நடை என்று எல்லோருக்கும் தெரியும். நம் தர்மபுரிப் பக்கம் பாறையிலிருந்து தண்ணீரில் கரையும் ஃப்ளோரைடு முதலில் பல்லில் கறையாகத் தெரியும். வருஷக்கணக்கில் எலும்பில் சேர்ந்தால் மூட்டை இறுக்கிவிடும்.

"காய்ச்சிக் குடிச்சா போயிடாதா?" என்றார் ராஜா.

"கிருமிதான் சாகும். தண்ணி சுண்டச் சுண்ட இது கூடத்தான் செய்யும்."

முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி எழுந்தேவிட்டார். "அப்ப புள்ளைங்களுக்கு எந்தத் தண்ணியக் குடுக்கறது?" எத்தனை நோட்டீஸ் ஒட்டினோம், ஒருவரும் இதைக் கேட்டதில்லை. ஆனால் ராஜாவிடமும் பதில் இல்லை. அதுதான் எனக்குத் தூக்கம் வராமல் செய்தது.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல் திட்டமாக வந்துவிட்டது. ஆனாலும் நம் தொட்டியில் அதோடு போர்வெல் தண்ணீரையும் ஏற்றுகிறார்கள், கோடையில் இன்னும் அதிகமாக. என் அக்கா மகள் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்கிறாள். ஈறுக்குள் பல் உருவாகும்போதே படிகிற கறை அது, தேய்த்தால் போகாது. எட்டு வயசுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்காவது நல்ல தண்ணீர் கிடைக்க வேண்டும்.

கூத்து வாத்தியாரிடம் பேசினேன். கதையை நாம் எழுதித் தர வேண்டாம், அவர்களே கட்டட்டும். நாம் செய்ய வேண்டியது, ஒவ்வொரு போர்வெல்லிலும் தொட்டியிலும் தண்ணீர் பிடித்துக் குடிநீர் வாரிய ஆய்வகத்தில் சோதித்து, முடிவை அவர்கள் கையில் கொடுப்பது. ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டிய பைப் எது, எந்தத் தெருவில் என்று கட்டியக்காரன் பேர் சொல்லியே பாடட்டும். அப்புறம் தலைவரை, தண்ணீர் விடுபவரை முன்வரிசையில் உட்கார வைப்போம்.

அறிவொளி எழுத்தறிவு இயக்கக் காலத்தில் வீதி நாடகம் போட்ட அண்ணன்கள் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். வாத்தியாரிடம் ஒருமுறை பேசுங்கள். சோதனைச் செலவு என்னுடையது. ஆட்டக்காரர்களின் ஓர் இரவுக் கூலியை யார் ஏற்கிறீர்கள்? தை முடிவதற்குள் சொன்னால் ஒத்திகைக்கு நாள் இருக்கும்.