கடைகட்டை: பேனா கடைய எடுக்கும் மரத்துண்டுக்கு ஒரு சொல்

வணக்கம்.

பேனா கடைய எடுக்கும் மரத்துண்டை ஆங்கிலத்தில் 'பிளாங்க்' (blank) என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று நம்மிடையே நடக்கும் பேச்சில் இதுவரை வெற்றுத்துண்டு, மூலத்துண்டு, முன்வடிவு ஆகிய மூன்றும் வந்திருக்கின்றன. பிளாங்க் என்றே வைத்துக்கொள்வோம் என்றும் இருவர் எழுதியிருக்கிறார்கள். நான் ஆறு ஆண்டாக வீட்டின் பின்கட்டில் ஒரு சின்ன லேத்தை (மரத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) வைத்து மரப் பேனா செய்கிறேன். ஒரு நாளில் இருபது முறை கையில் எடுக்கும் பொருள் என்பதால் இதற்கு நல்ல பெயர் அமைய வேண்டும் என்ற ஆசை எனக்கு நிறைய இருக்கிறது. என் முன்மொழிவு: கடைகட்டை.

முதலில் பொருளைப் பார்ப்போம். முக்கால் அங்குலச் சதுரமும் ஐந்து அங்குல நீளமும் உள்ள மரம். நான் பெரும்பாலும் பூவரசின் வைரப்பகுதியை எடுப்பேன். பழுப்பில் கருவரி ஓடும் அந்த மரத்துக்கு இணையாக எனக்கு இன்னொன்று தெரியாது. அதை இரண்டாக அறுப்பதற்கு முன் நீளவாக்கில் ஒரு பென்சில் கோடு போட்டுவிட வேண்டும். பேனாவின் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் மறுபடி சேரும்போது ரேகை தொடர்ந்து ஓட அந்தக் கோடுதான் வழி. பிறகு ஒவ்வொரு பாதியிலும் நடுவில் 7 மி.மீ. துளை, துளைக்குள் பசை தடவிய பித்தளைக் குழாய். பசை இறுகியதும் இரண்டு முனைகளையும் குழாயின் விளிம்பு தெரியும்வரை நேராகச் சீவி, கம்பியில் கோத்து, பக்கத்துக்கொரு புஷ் (பேனாவின் பருமனுக்கு அளவு காட்டும் உலோக வளையம்) மாட்டி லேத்தில் ஏற்றுகிறோம்.

இத்தனைக்கும் முன்னால் மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரமுள்ள துண்டில் குழாயை ஒட்டிவிட்டால் பின்னால் மரம் சுருங்கும், பித்தளை சுருங்காது. பேனா சட்டைப்பையில் இருக்கும்போதே விரிசல் விடும். ஆக, தேர்ந்தெடுத்து, காயவைத்து, குறிபோட்டு, துளைத்து, உலோகம் ஏற்றிய ஒரு பொருள் இது. இதை எப்படி 'வெற்று' என்பது? ஆங்கிலச் சொல்லுக்கு மூலம் 'வெள்ளை' என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல். அவர்கள் எழுதாத தாளில் தொடங்கி வந்தார்கள். நாம் மரத்தில் தொடங்கலாமே.

நாணயம் அடிக்கும் முன் இருக்கும் உலோகத் தகடு, வெட்டாத சாவி, கடையாத பேனா மூன்றும் ஆங்கிலத்தில் ஒரே சொல்தான், நமக்கும் ஒரே சொல் வேண்டும் என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். வேண்டாம் என்பது என் கருத்து. நாணயத்துக்கு 'வில்லை' என்ற சொல் அழகாகப் பொருந்துகிறது. வட்டமாக, தட்டையாக இருப்பதை உடனே கண்முன் நிறுத்துகிறது. அதைச் சாவிக்கும் பேனாவுக்கும் இழுத்தால் கெட்டுப்போகும். தமிழ் வடிவத்தையும் வேலையையும் பார்த்துப் பெயர் வைக்கட்டும்.

இனி 'கடை' என்ற வினை. லேத்தில் மரத்தைச் சுழலவிட்டு உளியால் உருட்டி எடுப்பதற்குத் தமிழில் இருக்கும் சொல் கடைதல். கட்டில் காலையும் தொட்டில் காலையும் 'கடைசல் பிடித்த கால்' என்று இன்றும் சொல்கிறோம். மர லேத் வைத்திருப்பவரின் இடம் கடைசல் பட்டறை. மோர் கடைவதும் இதே வினைதான். அது தற்செயல் இல்லை. மத்தில் கயிற்றைச் சுற்றி முன்னும் பின்னுமாக இழுப்பதுபோலவே பழைய கடைசலில் மரத்தைச் சுற்றிய வாரை ஒருவர் இழுப்பார், இன்னொருவர் உளி பிடிப்பார். மரம் தன் பக்கம் சுற்றும்போது மட்டும் உளி வெட்டும், திரும்பும்போது சும்மா இருக்கும். மோட்டார் வந்த பிறகு சுழற்சி ஒரே திசைக்கு மாறிவிட்டது, வினை மாறவில்லை.

கடைகட்டை ஒரு வினைத்தொகை. காலம் கரந்த பெயரெச்சம் என்று பள்ளியில் படித்தோமே, அது. கடைந்த கட்டை, கடைகின்ற கட்டை, கடையும் கட்டை மூன்றும் இதற்குள் அடங்கும். பேனாவுக்கு இது மிகவும் பொருத்தம். ஏனென்றால் அலமாரியில் இருக்கும்போதும், லேத்தில் சுற்றும்போதும், பாதி உருண்டு நிற்கும்போதும் நாங்கள் அதை ஒரே பெயரால்தான் கூப்பிடுகிறோம். கடைகோல், ஊறுகாய், சுடுசோறு என்று பழகிய அமைப்பும்கூட.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: இடையில் ஒற்று போடக் கூடாது. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. 'கடைக்கட்டை' என்று எழுதிவிட்டால் கடைக்கண், கடைக்குட்டி போல 'கடைசிக் கட்டை' என்று பொருள் மாறிவிடும், அல்லது கடையில் வாங்கிய கட்டை ஆகிவிடும். ஓர் எழுத்துதான், ஆனால் சொல்லின் உயிர் அங்கே இருக்கிறது. தட்டச்சில் பிழைதிருத்தி தானாக ஒற்றைச் சேர்த்தால் நீக்கிவிடுங்கள்.

'கட்டை' என்றால் தடிமனாக, விறகுபோல் இருக்கிறதே என்ற மறுப்பு நியாயமானது. நானும் 'கடைதுண்டு' என்று யோசித்துப் பார்த்தேன். துண்டு என்றால் வெட்டி மிஞ்சியது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. கட்டைக்கு அந்தக் குறை இல்லை. பஜனையில் கைக்குள் அடங்கும் சிப்ளாவும் கட்டைதான். அதைவிட நெருக்கமான சான்று மிருதங்கம். தோல் கட்டுவதற்கு முன் இருக்கும் பலாமர உடலைக் கட்டை என்றே சொல்கிறார்கள். பண்ருட்டிப் பலாக் கட்டை என்றால் இசைக்காரர்கள் முகம் மலரும். இனி ஒரு கருவியாகப் போகிற மரம் என்ற பொருளில் 'கட்டை' ஏற்கெனவே புழங்குகிறது.

மரமல்லாத பொருளுக்கு இது ஒத்துவராது, ஒப்புக்கொள்கிறேன். திருவள்ளூரில் கையால் கடைந்து உருவாக்கும் ரங்கா பேனாக்கள் பெயர்பெற்றவை. அவற்றில் பல எபோனைட்டில் செய்தவை. எபோனைட் என்பது கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். நீண்ட உருளையாக வரும். அவ்வகைப் பேனாவில் பித்தளைக் குழாய் வைப்பதில்லை, மரையையே அந்தப் பொருளில் வெட்டிவிடுவார்கள். அதைக் 'கடைதண்டு' என்று சொல்லலாம். அமைப்பு ஒன்றே, கடைசிச் சொல் மட்டும் மாறுகிறது.

துண்டுகளைக் கோத்து லேத்தில் ஏற்றும் கம்பியான மேண்ட்ரலுக்குக் 'கோப்புக்கம்பி' போதும். புஷ்ஷைத் தொட வேண்டாம். மெக்கானிக் கடைவரை எல்லாருக்கும் தெரிந்த சொல் அது.

அப்புறம், லேத்தில் சுழலும் மரத்துக்குப் பளபளப்பு ஏற்றும் 'ஃபிரிக்ஷன் பாலிஷ்'. நம் சொற்பட்டியலில் இதை 'உராய்வுப் பூச்சு' என்று போட்டிருக்கிறார்கள். இதில் இரண்டு சொல்லும் எனக்கு உறுத்துகின்றன. உடனடிப் பசையை (சூப்பர் குளூ) மெல்லிய அடுக்காக மேலே மேலே ஏற்றினால் அது பூச்சு, சரி. மரத்தின் மேல் தனிப் படலமாக நிற்கிறது. ஆனால் அவலரக்கை (ஷெல்லாக்) ஸ்பிரிட்டில் கரைத்து, கொஞ்சம் மெழுகோ எண்ணெயோ சேர்த்து, சுழலும் மரத்தில் காகிதத்தால் அழுத்திப் பிடிப்பது வேறு. (துணி வேண்டாம். லேத்தில் துணி சிக்கினால் விரலையும் சேர்த்து இழுக்கும்.) உரசும் சூட்டில் ஸ்பிரிட் பறந்துவிடும், அரக்கு உருகிப் பரவும், சில நொடிகளில் மரம் உள்ளிருந்து ஒளிர்வதுபோல் ஆகும். இது மெருகு. கர்நாடகத்தின் சென்னப்பட்டணத்திலும் ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாக்காவிலும் பொம்மை கடைபவர்கள் செய்வதும் இதன் மூத்த வடிவம்தான்: வண்ண அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தில் அழுத்துவார்கள், சூட்டில் இளகி ஏறும். சென்னப்பட்டணத்தில் பிறகு தாழை மடலால் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள்.

'உராய்வு' என்று தனியாகச் சொல்லவும் தேவையில்லை. மரத்தை மரத்தில் சுழற்றி நெருப்பு எடுக்கும் கருவிக்குத் தீக்கடைகோல் என்று பெயர். கடைதல் என்ற வினைக்குள்ளேயே உரசலும் சூடும் இருக்கின்றன. அந்தச் சூடு எவ்வளவு என்பதைப் போன கோடையில் நன்றாகத் தெரிந்துகொண்டேன். கருங்காலியில் ஒரு பேனா; 400 எண் உப்புத்தாளை விடாமல் அழுத்திப் பிடித்ததில் மயிரிழையாக மூன்று கீறல் விழுந்துவிட்டது. இரண்டு மாதம் காத்திருந்து காயவைத்த கட்டை. இப்போது இரண்டு சுற்றுத் தேய்த்தால் ஒரு சுற்று ஆறவிடுகிறேன்.

ஆகவே இதற்கு என் முன்மொழிவு 'கடைமெருகு'. கடையும்போதே ஏற்றும் மெருகு. ம-வுக்கு முன் ஒற்றுச் சிக்கல் இல்லாததால், 'கடைசி மெருகு' என்றும் ஒருவர் படிக்கலாம். படிக்கட்டும்; லேத்திலிருந்து இறக்குவதற்கு முன் செய்யும் கடைசி வேலையும் அதுதான்.

அம்பாசமுத்திரம் பக்கம் யாராவது இருந்தால் ஓர் உதவி. அங்கே சொப்புச் சாமான் கடைபவர்கள், லேத்தில் ஏற்றுவதற்கு முன் அளவாக அறுத்து வைக்கும் மரத்தை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அவர்களிடம் ஒரு சொல் இருந்தால் கடைகட்டையை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

அன்புடன்.