வாயில் எடுத்த குஞ்சை மீன் விழுங்குமா, விடுமா? உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

பதிவு 1

ஏஞ்சல் மீன்களை இணையாக வைத்திருப்பவர்களுக்கு முட்டை தின்னும் தொல்லையைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் இணையும் பலமுறை இலையில் முட்டையிட்டு, விடிவதற்குள் அந்த இலையைத் துடைத்து வைத்துவிடும். ஒருமுறை மட்டும் முட்டைகள் தப்பிப் பொரித்தன. குஞ்சுகள் தலையிலுள்ள பசையால் இலையில் ஒட்டிக்கொண்டு வாலை மட்டும் துடிக்கவிட்டுக் கொண்டிருந்தபோது, ஒன்று பிடி நழுவிக் கீழே விழுந்தது. ஆண் மீன் பாய்ந்து அதை வாயில் எடுத்தது. எடுத்ததை உடனே துப்பவில்லை. தாடை மெல்ல அசைய, கண்ணாடியருகே வந்து அப்படியே நின்றது. பெண் மீனோ துடுப்புகளை விரித்துக்கொண்டு இலைக்குக் குறுக்கே நின்றது. நெடுநேரம் கழித்து ஆண் மீன் இலையை அணுகி, குஞ்சுகளின் நடுவே வாயை வைத்து விலகியது. அது குஞ்சை அங்கே விட்டதா, விழுங்கிவிட்டு வெறும் வாயை வைத்ததா என்பது இன்றும் என்னை உறுத்துகிறது. இப்படி வாயிலேயே வைத்திருப்பதை வேறு யாரேனும் பார்த்திருக்கிறீர்களா?

பதிவு 2

நான் பார்த்தது பைட்டர் மீனில். ஆண் மீன் கட்டிய நுரைக்கூடு ஒரு பக்கம் கலைந்து, நீந்தத் தெரியாத குஞ்சுகள் தூறலைப் போல அடியில் இறங்கிக்கொண்டிருந்தன. அது ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாயில் சேர்த்தது. பைட்டர் மீன் செவுளால் மட்டும் வாழ முடியாமல் மேலே வந்து காற்றை விழுங்குகிற இனம் என்பதால், வாய் நிறையக் குஞ்சுகளோடு அது நீர்ப்பரப்பை நோக்கி ஏறியபோது, காற்றோடு அவையும் உள்ளே போய்விடும் என்றே நினைத்தேன். ஆனால் அது நீர்ப்பரப்பில் வாயைத் திறந்து ஒரு குமிழியை ஊத, அதோடு குஞ்சுகளும் வெளியே வந்து நுரையில் ஒட்டிக்கொண்டன. ஆகையால், முதலில் எழுதியவரின் ஆண் மீனும் குஞ்சைப் பத்திரமாகவே விட்டிருக்கும் என்று நம்புகிறேன்.

பதிவு 3

மேலே எழுதியவரின் முடிவு எனக்கு ஏற்புடையதன்று. பைட்டர் வேறு, ஏஞ்சல் வேறு. என் பெண் ஏஞ்சல், பூஞ்சை படிந்து வெளுத்த முட்டைகளை மட்டும் தேர்ந்தெடுத்துத் தின்றுவிட்டு, தெளிந்தவற்றைத் தொடாமல் விட்டதைக் கண்ணாரக் கண்டேன். மறுநாள் அதே மீன் தெளிந்தவற்றையும் தின்றது. பெற்றோரை நம்பிப் பயனில்லை.

குஞ்சுகள் வேண்டுமென்றால், சாய்த்து வைத்த பலகைக்கல்லில் முட்டையிடச் செய்து, கல்லோடு எடுத்து, அதே தொட்டியின் நீரை நிரப்பிய தனிப் பாத்திரத்துக்கு மாற்றுங்கள். பூஞ்சையைத் தடுக்கும் மெத்திலீன் நீலம் சில துளிகள் விட்டு, குமிழிகள் முட்டைகளின் மேல் நேராகப் படாமல், அருகில் காற்றுக்கல்லை (காற்றைக் குமிழிகளாக விடும் கல்) வையுங்கள். அந்த மருந்து வடிகட்டியிலுள்ள நல்ல பாக்டீரியாவையும் அழிக்கும் என்பதால், பெரிய தொட்டியில் ஒருபோதும் ஊற்றாதீர்கள். 28 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 60 மணி நேரத்தில் பொரிக்கும். அதன் பிறகு சுமார் 5 நாட்கள், தாமாக நீந்தத் தொடங்கும் வரை, வயிற்றிலுள்ள மஞ்சள் கருவே உணவாக இருக்கிறது. அதற்கு முன்பு இரை போட்டால் அது அழுகி அம்மோனியா ஏறி அத்தனையும் மடியும். நீந்தத் தொடங்கியதும் அன்றன்று பொரித்த ஆர்டீமியாவை (உப்புநீரில் வாழும் நுண்ணிய இறால் போன்ற உயிரி) கொடுங்கள். லிட்டருக்கு 25 முதல் 30 கிராம் உப்பு கலந்த நீரில், காற்று இடைவிடாமல் ஓடிக்கொண்டிருந்தால், ஒருநாள் பொழுதில் அதன் முட்டைகள் பொரிந்துவிடும். காற்றை நிறுத்தியதும் ஓடுகள் மிதக்கும். உயிருள்ளவை வெளிச்சம் விழும் பக்கம் திரளும். அங்கிருந்து குழாயால் உறிஞ்சி, நல்ல நீரில் அலசிக் கொடுக்க வேண்டும். தூள் உணவைக் காட்டி ஏமாற்ற நினைக்காதீர்கள்.

பதிவு 4

கேள்வி முட்டையை எப்படிப் பொரிப்பது என்பதன்று. தவிர, பெற்றோரைப் பிரிப்பதே தீர்வு என்பதை எல்லா மீனுக்கும் பொருத்த முடியாது. டிஸ்கஸ் குஞ்சுகள் தொடக்கத்தில் பெற்றோரின் தோல் சுரக்கும் வழவழப்பைக் கொத்தித் தின்றே வளர்கின்றன. எங்கள் தொட்டியில், குஞ்சுகள் மொய்த்திருந்த தாய் மீன் திடீரென உடலை ஒரு வெட்டு வெட்டி முன்னே பாய, அத்தனை குஞ்சுகளும் ஒரு கணம் நடுநீரில் திகைத்து நின்றுவிட்டு, பக்கத்தில் காத்திருந்த தந்தையின் மேல் போய் மொய்த்தன. களைத்தவள் பொறுப்பை ஒப்படைத்ததாகவே எனக்குத் தோன்றியது. அதைக் கண்ட பிறகு பிரித்து வளர்க்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில் எழுதியவருக்கு: ஏஞ்சலும் டிஸ்கஸும் ஒரே சிக்லிட் குடும்பம். இந்தக் குடும்பத்தில் பெற்றோர் குஞ்சை வாயிலிட்டு அழுக்கு நீங்க மென்று, பிறகு துப்புவது வழக்கம். நீங்கள் கண்ட தாடை அசைவு அதுவாகத்தான் இருக்க வேண்டும். விழுங்குவதானால் நொடியில் முடிந்திருக்கும். அந்தக் குஞ்சுகளை அடுத்த நாள் அதே இலையில் பார்த்தீர்களா, வேறிடத்துக்கு மாற்றியிருந்தனவா?

பதிவு 1, மீண்டும்

மாற்றியிருந்தன. வடிகட்டிக் குழாயின் மேல் ஒட்டவைத்திருந்தன. காவலுக்கு நின்றது ஆண் மீன்.