பசங்க நைட் தங்க வந்தப்போ உங்க வீட்டுல என்ன ஆச்சு?

கீழ்க்கட்டளை அம்மா:
பொண்ணோட 9-வது பர்த்டேக்கு அவ கிளாஸ் ஃப்ரெண்ட்ஸ் நாலு பேர் தங்க வந்தாங்க. ஹால்ல மெத்தையைப் போட்டு, பழைய புடவையைக் கட்டிக் கூடாரம் பண்ணி, சீரியல் லைட் சுத்தியாச்சு. தாயம், மருதாணி கோன், டார்ச் வெளிச்சத்துல பேய்க்கதை, ஒரே கும்மாளம். அதெல்லாம் உங்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

ராத்திரி 2 மணி இருக்கும், தண்ணி குடிக்க எழுந்து வந்தேன். வாசக்கதவுகிட்ட ஒரு குட்டி உட்கார்ந்திருக்கா. முதுகுல பை. கால்ல செருப்பு, வாரைக்கூட இறுக்கி மாட்டியிருக்கா. அழலை. "என்னடா கண்ணா?"ன்னேன். "ஒண்ணுமில்ல ஆன்ட்டி, காலைல அம்மா வருவாங்கல்ல, அதான்." அவங்க அம்மா போன் ஸ்விட்ச் ஆஃப். விடியற வரைக்கும் நானும் பக்கத்துலயே உட்கார்ந்துட்டேன். செருப்பை மட்டும் கழட்டவே மாட்டேன்னுட்டா.

காலைல அவங்க அம்மா வந்து "நல்லா என்ஜாய் பண்ணியா?"ன்னு கேட்டாங்க. "சூப்பர்மா"ன்னா பாருங்க! என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. அவங்ககிட்ட நடந்ததைச் சொல்லணுமா வேண்டாமான்னு இன்னும் ஓடிட்டே இருக்கு.

ரெட்டைவால் தாய்:
சொல்லிடுங்க. எங்க வீட்டுக் கதை சின்னது. பையனோட ஃப்ரெண்ட் கடலைமிட்டாயைக் கடிச்சான், பத்து நிமிஷத்துல உதடு பன்னு மாதிரி வீங்கிடுச்சு. எதிர் வீட்டுல டாக்டர் இருந்ததால தப்பிச்சோம். "எனக்குக் கடலை ஆகாது ஆன்ட்டி, ஆனா மிட்டாய் பரவாயில்லைன்னு நினைச்சேன்"னான், ஏழு வயசுப் பையன்.

நீங்க கேக்கலை, ஆனாலும் சொல்றேன். அப்பா நம்பர், அம்மா நம்பர் ரெண்டுமே வேணும், ராத்திரி ஆன்ல இருக்கணும்னு முன்னாடியே பேசிடணும். எது ஆகாது, என்ன மருந்துன்னு பெத்தவங்ககிட்ட கேக்கணும், பசங்ககிட்ட இல்ல. வீசிங் இருக்குற பிள்ளைன்னா இன்ஹேலரோட ஸ்பேசரும் (மருந்தை உள்ள இழுக்க அதுல மாட்டுற குழாய்) பையில இருக்கான்னு பாருங்க. கொசுவத்திப் புகை அந்த ரூமுக்கே வேண்டாம், வலை கட்டிடுங்க. தம்பி தங்கச்சின்னு 4 வயசுக்குக் கீழ யாராவது இருந்தா பாப்கார்ன் கொடுக்காதீங்க, தொண்டையில அடைச்சுக்கும். பாத்ரூம் போற வழியில ஒரு சின்ன லைட். எல்லாத்துக்கும் மேல, "வீட்டுல யார் பக்கத்துல தூங்குவ?"ன்னு கேளுங்க. அம்மாவைக் கட்டிக்கிட்டுத் தூங்குற பிள்ளைன்னா முதல் தடவை நைட் டிரஸ்ஸோட வரட்டும், சாப்பிட்டு விளையாடட்டும், 10 மணிக்கு அப்பா வந்து கூட்டிட்டுப் போகட்டும். அந்தப் பிள்ளைக்கு அதுவே திருவிழாதான்.

மொட்டைமாடி மாமா:
அடேங்கப்பா, பிள்ளை தங்க வருதா, ஆஸ்பத்திரியில அட்மிட் ஆகுதா? கும்பகோணத்துல எங்க பாட்டி வீட்டு மாடியில மே மாசம் முழுக்க ஒரு பட்டாளமே படுத்திருக்கும். சாயங்காலமே தண்ணி தெளிச்சுத் தரையை ஆற விட்டு, கோரைப்பாயை விரிச்சா முடிஞ்சது. எவன் நம்பர் கேட்டான்?

அந்த நினைப்புல போன சித்ரா பௌர்ணமிக்கு எங்க ஃப்ளாட் பசங்களை மாடிக்குக் கூட்டிட்டுப் போனேன், நிலாச்சோறு. தயிர்சாதத்தை உருட்டிக் கையில வெச்சு, நடுவுல கட்டைவிரலால குழி பண்ணி வத்தக்குழம்பு விட்டேன். ஒரு பையன் கையை நீட்டாம "ஸ்பூன் இல்லையா அங்கிள்?"ன்னான். எப்படியோ ரெண்டு உருண்டை உள்ள போச்சு. மூணாவதுக்கு அவனே கையை நீட்டுறான், கரெக்டா செக்யூரிட்டி விசில் ஊதிட்டே வர்றார். பத்து மணிக்கு மேல மாடி கிடையாதாம். பாதிச் சாப்பாட்டோட பாத்திரத்தைத் தூக்கிக்கிட்டுப் படியிறங்கினோம். இப்பவும் லிஃப்ட்ல என்னைப் பார்த்தா "மிச்சம் எப்போ அங்கிள்?"ங்கிறான். எனக்குத்தான் பதில் இல்ல.

ரெட்டைவால் தாய்:
மாமா, சொந்தக்காரப் பசங்க வேற, கிளாஸ் ஃப்ரெண்ட் வேற. உங்க பாட்டி வீட்டுல ராத்திரி எவனாவது அழுதா ஏதாவது ஒரு அத்தை தூக்கி மடியில போட்டுப்பாங்க. நம்ம ஹால்ல அந்தப் பிள்ளைக்கு யாரைத் தெரியும்?

வேளச்சேரி வாசகி:
செருப்பு போட்டு உட்கார்ந்த பொண்ணைப் படிச்சதும் எனக்கு அந்த ரெயின்கோட் ஞாபகம் வந்துடுச்சு. பையனோட ஃப்ரெண்ட், எட்டு வயசு. சாயங்காலத்துலேர்ந்து ஜூஸ் வேண்டாம், ஐஸ்க்ரீம் வேண்டாம், சாப்பிடும்போது தண்ணிகூட வேண்டாம். படுக்கிற நேரத்துல ரூமை எட்டிப் பார்த்தேன். பையிலேர்ந்து ரெயின்கோட்டை எடுத்து, பெட்ஷீட்டுக்கு அடியில சுருக்கமில்லாம நீவி நீவி விரிச்சுக்கிட்டிருக்கான். ஏப்ரல் மாசம்! நான் பார்க்காத மாதிரி நகர்ந்துட்டேன். 7 வயசுலகூட 100-க்கு 5-லேர்ந்து 10 பிள்ளைங்களுக்கு தூக்கத்துல படுக்கையை நனைக்கிறது இருக்கும், பெரும்பாலும் வளர வளரத் தானா நின்னுடும். அந்தக் குழந்தைக்கு அதை யாரும் சொல்லலை போல. காலைல படுக்கை நனையவே இல்ல. கண்ணுதான் ரெண்டும் செவந்திருந்துச்சு.

மொட்டைமாடி மாமா:
சொந்தம் வேறங்கிறதை ஒத்துக்கறேன்மா. ஸ்பூனை ஒத்துக்க மாட்டேன். அசோசியேஷன்ல பேசி ராத்திரிக்கு மாடி சாவி வாங்கினவங்க யாராவது இருந்தா எப்படின்னு சொல்லுங்க. செக்ரட்டரி லெட்டர் எழுதித் தரச் சொல்றார், காரணம்ங்கிற இடத்துல தயிர்சாதம்னா எழுத முடியும்?