சர்வரை மறுதொடக்கம் செய்ததும் ஃபில்டருக்குப் பொதுத் தரவு கிடைப்பதில்லை

கேள்வி:
வணக்கம். டாம்கேட் 9 என்ற வலைச் சர்வரில் இயங்கும் எங்கள் ஜாவா செயலியில், மாவட்டவாரியாக அஞ்சல் குறியீட்டு எண்களின் பட்டியலை ஒரு சர்வ்லெட்டின் (கோரிக்கைக்குப் பதில் தரும் ஜாவா வகுப்பு) இனிட் மெத்தடில், அதாவது அது உருவானதும் ஒருமுறை ஓடும் பகுதியில், தரவுத்தளத்திலிருந்து எடுத்து, ஸ்டாட்டிக் ஹேஷ்மேப் ஒன்றில் (மாவட்டப் பெயரைக் கொடுத்தால் அதன் பட்டியலைத் தரும் பொது அட்டவணை) வைத்திருக்கிறேன். கோரிக்கை சர்வ்லெட்டை அடையுமுன் அதைப் பார்க்கும் ஃபில்டரும், திரையில் தோன்றும் ஜேஎஸ்பி பக்கங்களும் அந்தப் பட்டியலைப் படிக்க மட்டுமே வேண்டும். மறுதொடக்கத்துக்குப் பின் வரும் முதல் சில கோரிக்கைகளில் ஃபில்டர் நல்பாயின்டர்எக்செப்ஷன் (மதிப்பே இல்லாத 'நல்' ஒன்றைப் பயன்படுத்தும்போது வரும் பிழை) தருகிறது. பிறகு தானாகவே சரியாகிவிடுகிறது. என் கணினியில் ஒருமுறைகூட இப்படி வந்ததில்லை.

பதில்:
லோட்-ஆன்-ஸ்டார்ட்டப் (செயலி தொடங்கும்போதே சர்வ்லெட்டை உருவாக்கச் சொல்லும் அமைப்பு) குறிப்பிடாத சர்வ்லெட்டை டாம்கேட் அதற்கான முதல் கோரிக்கை வரும்போதுதான் உருவாக்கும். ஃபில்டர்களோ செயலி தொடங்கும்போதே தயாராகிவிடும். உங்கள் கணினியில் நீங்கள் எப்போதும் அந்த சர்வ்லெட்டின் பக்கத்தையே முதலில் திறக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன்: டாம்கேட் சர்வ்லெட்டை உருவாக்கிய பிறகே ஃபில்டர் வரிசையை ஓட்டும் என்பதால், பிழை உங்கள் கண்ணில் படவில்லை. லோட்-ஆன்-ஸ்டார்ட்டப் சேர்த்தாலும் பிழை மறையும். ஆனால் பொதுத் தரவை ஒரு சர்வ்லெட்டின் பொறுப்பில் விடுவதே எனக்கு உவப்பில்லை. செயலி தொடங்கும்போது டாம்கேட் அழைக்கும் வகுப்பான சர்வ்லெட்கான்டெக்ஸ்ட்லிசனர் ஒன்றை எழுதி, அதன் கான்டெக்ஸ்ட்இனிஷியலைஸ்டு மெத்தடில் தரவை ஏற்றி, செட்ஆட்ரிபியூட் வழியாக, செயலி முழுவதற்கும் பொதுவான சர்வ்லெட்கான்டெக்ஸ்டில் வையுங்கள். எந்த ஃபில்டருக்கும் சர்வ்லெட்டுக்கும் முன்பாக அந்த லிசனர் ஓடும் என்பது விதி.

கேட்டவர்:
ஊகம் சரிதான், தினமும் அந்தப் பக்கத்தில்தான் தொடங்குவேன். லிசனருக்கு மாற்றியதும் பிழை நின்றுவிட்டது. ஆனால் சேலம் மாவட்டப் பட்டியலில் எண்கள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. மேப்பை, யாரும் மாற்றாதபடி தடுக்கும் அன்மாடிஃபையபிள்மேப் கொண்டு மூடித்தான் வைத்திருக்கிறேன்.

மற்றொருவர்:
அது வெளிக்கதவை மட்டுமே பூட்டும். உள்ளே ஒவ்வொரு மாவட்டத்துக்கும் இருக்கும் அர்ரேலிஸ்ட்டை (மாற்றக்கூடிய பட்டியல்) கையில் வாங்கியவர் அதில் எதையும் நீக்கலாம். ஒவ்வொரு பட்டியலையும் லிஸ்ட்.காப்பிஆஃப் மூலமும், முழு மேப்பை மேப்.காப்பிஆஃப் மூலமும் நகலெடுத்து வையுங்கள். இரண்டுக்கும் ஜாவா 10 தேவை. தரவில் எங்காவது நல் மதிப்பு இருந்தால், அவை நகலெடுக்கும்போதே பிழை தரும். அதன்பின் பட்டியலை மாற்ற முயலும் வரி அன்சப்போர்ட்டட்ஆபரேஷன்எக்செப்ஷனில் (இந்தச் செயலுக்கு அனுமதியில்லை என்னும் பிழை) விழும். லாகில் அதன் இடம் தெரிந்துவிடும்.

கேட்டவர்:
அகப்பட்டது. முகவரிப் படிவத்தின் ஜேஎஸ்பியில், ஏற்கெனவே தேர்ந்த எண் கீழிறங்கு பட்டியலில் மீண்டும் தோன்றாதிருக்க, பொதுப் பட்டியலிலேயே ரிமூவ் அழைத்திருக்கிறோம். இப்போது அங்கே புதிய அர்ரேலிஸ்ட் ஒன்றில் நகலெடுத்து, அதிலிருந்து நீக்குகிறோம். இருவருக்கும் நன்றி.