மரம் செதுக்க மடக்குக் கத்தி: எந்த அலகு, எந்தக் கோணம்?

அனைவருக்கும் வணக்கம். மடக்குக் கத்தியைக் கொண்டு சிறு மரக்கட்டைகளில் பறவை, கரண்டி போன்றவற்றைச் செதுக்கப் பழகி வருகிறேன். அலகைப் பற்றிய ஒரு குழப்பத்தைத் தீர்க்க உங்கள் உதவி தேவைப்படுகிறது.

என் கத்தியில் மூன்று அலகுகள் உள்ளன. நீண்டு வளைந்த பெரிய அலகு கட்டையை உருவத்துக்குக் கொண்டுவர நன்றாகவே உதவுகிறது. ஆனால் பறவையின் கழுத்துப் போன்ற உட்குழிவில் அதன் அகலமே தடையாகி, திரும்ப இடமின்றி மரத்தைப் பிய்த்துவிடுகிறது. நேர் விளிம்புடைய சிறிய அலகு, வெட்டு எங்கே விழும் என்பதைக் கைக்குத் தெளிவாக உணர்த்துவதால், கண்ணுக்கும் இறகுக் கோடுகளுக்கும் அதையே நாடுகிறேன். மூன்றாவதான ரம்பப்பல் விளிம்பு கயிறு அறுக்கத்தான் லாயக்கு. அதைத் திறப்பதையே விட்டுவிட்டேன்.

சிக்கல் கோணத்தில்தான். சிறிய அலகின் நேர் விளிம்பில் ஒவ்வொரு பக்கச் சரிவும் ஏறத்தாழ 20 பாகையாக இருந்தது; அதை 15 பாகைக்குத் தீட்டியபின், மென்மரத்தில் சீவல் சுருள்சுருளாக எழுந்தது. வெட்டிய இடம் மெருகிட்டதுபோல் மின்னியது. ஆனால் ஒரு கணுவைத் தொட்டதுமே விளிம்பு மடிந்துவிட்டது. தோல் வாரில் இழுத்துப் பார்த்தும் அது நிமிரவில்லை.

கடின மரத்துக்கும் ஈடுகொடுக்க, 15 பாகையை அப்படியே வைத்துக்கொண்டு விளிம்பின் நுனியில் மட்டும் சற்றுக் கூடுதலான கோணத்தில் சிறு சரிவு தீட்டினால் போதுமா, அல்லது முழு விளிம்பையும் மீண்டும் 20 பாகைக்கே கொண்டுபோக வேண்டுமா? மேலும், பூட்டில்லாத அலகின் முனையால் குத்தும்போது அது விரல்மேல் மடங்கிவிடுமோ என்ற அச்சமும் உண்டு. அந்த வேலைக்கென மடங்காத கத்தியைத் தனியாக வைத்திருப்பவர்கள் தங்கள் அனுபவத்தைப் பகிர்ந்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.